ஐந்தாவது நாற்காலி

எதிர் வீட்டு ஹார்லன் வைஸைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் தானாகத் தெரிய வந்தது. நான் தேடிப் போனதில்லை. என் சமையலறை ஜன்னலை அவர் வீட்டு வாசலைப் பார்த்தபடி வைத்துக் கட்டியவன் மேல்தான் குற்றம்.

ஊரில் அவரை யாரும் ஹார்லன் என்று கூப்பிடுவதில்லை. கோச் என்பார்கள். பள்ளிக்கூடத்துக் கூடைப்பந்து அணிக்குப் பயிற்சி கொடுப்பவர். போன குளிர்காலத்தில் அந்த மனிதருக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று: வட்டாரப் போட்டியில் ஜெயிப்பது. இந்தியானா மாநிலக் கோப்பையெல்லாம் அவர் கனவில்கூடக் கேட்டதில்லை. மார்ச் மாதத்தில் சுற்றுவட்டாரப் பள்ளிகள் ஒன்றோடொன்று மோதும், தோற்றவன் அன்றோடு வீட்டுக்குப் போகிற அந்த ஒரு வாரத்தைத் தாண்டினால் போதும். எங்கள் கெட்லர்ஸ்வில் பள்ளி அதைக் கடைசியாகத் தாண்டியது அறுபத்தொன்றாம் வருஷம். அந்த அணியின் படம் இன்னும் ஜிம் வாசலில் தொங்குகிறது. அதில் வலது ஓரமாக, பாதிக் காது சட்டத்துக்குள் மறைந்து, நிற்கலாமா போகலாமா என்ற முகத்தோடு ஒரு பையன் இருப்பான். அவன்தான் நம் கோச். பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர். இறுதி ஆட்டத்தில் அவரை இறக்கவே இல்லை.

தீவனக் கடை பர்ல் டீட்டர்தான் பள்ளி நிர்வாகக் குழுவுக்குத் தலைவர். ஜனவரியில் தீயணைப்பு நிலையத்தில் நடந்த மீன் விருந்தில், ஊரே தட்டும் கையுமாக நிற்கும்போது அவர் சொன்னார்: "ஹார்லன், இந்த வருஷமும் இல்லேன்னா விசிலைக் குடுத்துருப்பா. மரியாதையா நீயே குடுத்துட்டா நல்லது."

கோச் சிரித்தார். மீன் தொண்டையில் நின்றவர் சிரிப்பது மாதிரி இருந்தது.

விசில் போனாலும் சோறு போகாது. பகலில் அவர் பள்ளியில் சுகாதாரப் பாடம் எடுக்கிறார், பிள்ளைகளுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறார். அந்த வேலை இருக்கும். தண்டனையே அதுதான். அதே ஊரில், அதே பிள்ளைகளுக்குப் பிரேக் எங்கே இருக்கிறது என்று காட்டிக்கொண்டு, வேறொருவன் விசில் ஊதுவதைக் கேட்டுக்கொண்டு வாழ வேண்டும்.

ஆனால் இந்த வருஷத்து அணி உண்மையிலேயே நல்ல அணி. முதலில் இறங்கும் ஐந்து பையன்களும் பால்பல் விழாத வயதிலிருந்து சேர்ந்து ஆடியவர்கள். ஐவருமே தூரத்திலிருந்து அழகாகப் பந்து போடுவார்கள். கூடைக்கு அடியில் மட்டும் எவனும் போக மாட்டான். அங்கே இடிப்பார்கள், முழங்கை விலாவில் ஏறும், முடி கலையும்.

அதற்குத்தான் லைல் கிரெப்ஸ் இருந்தான்.

லைலுக்குப் பெரிய உடம்பு. அதைவிடப் பெரிய பின்புறம். அதால் எதிராளியை ஒரு கட்டிலை நகர்த்துவது மாதிரி நகர்த்திவிட்டு, திரும்பி, பந்தைக் கூடையில் வைத்துவிட்டு வருவான். எறிவது கிடையாது, வைப்பதுதான். இரண்டாவது கால்பகுதியில், எதிரணியின் நெடியவன் வாயால் மூச்சுவிட ஆரம்பிக்கும் நேரத்தில் கோச் அவனை இறக்குவார். நாலு கூடை போட்டுவிட்டு வந்து உட்கார்ந்துவிடுவான். கைதட்டல் பெரிதாக வராது. அந்த நேரத்தில் ஊர், ஜிம்மில் பாப்கார்ன் விற்கும் என் முன்னால் வரிசையில் நிற்கும். லைல் போட்ட கூடைகளில் பாதியை எங்கள் ஊர் முதுகால்தான் பார்த்திருக்கிறது.

இன்னொரு விஷயம். எங்கள் ஜிம்மில் ஆடுதளத்தை ஒட்டி ஐந்து மடக்கு நாற்காலிகள் போட்டிருக்கும். முதலில் இறங்கும் ஐந்து பேரின் அம்மாக்களுக்கு. ஒவ்வொன்றின் முதுகிலும் பெயர் ஒட்டியிருக்கும். சர்ச்சில்கூட இடம் மாறி உட்காரலாம், இந்த நாற்காலிகளில் முடியாது. லைலின் அம்மா நோரீனுக்கு இடம் மேலே, கடிகாரத்துக்குக் கீழே கடைசி வரிசை. வான்கோழி வெட்டும் ஆலையில் வேலை பார்க்கிறாள், புருஷன் கிடையாது. லைல் நாலாவது படிக்கும்போது இங்கே குடிவந்தார்கள். இன்னும் ஊர் அவர்களை "அந்தப் புது ஆளுங்க" என்றுதான் சொல்கிறது.

பிப்ரவரிக் கடைசியில் சொந்த ஜிம்மில் கடைசி ஆட்டம் வந்தது. அன்றைக்கென்று ஒரு வழக்கம் உண்டு. பள்ளியை முடித்துப் போகும் பையன்கள் அம்மா கையைப் பிடித்துத் தளத்தின் நடுவே நடந்து வந்து ஒரு கார்னேஷன் பூவைக் கொடுப்பார்கள். பிறகு ஆட்டத்தை அவர்களே தொடங்குவார்கள். வருஷம் முழுக்கத் துண்டு மடித்துக் கொடுத்தவனாக இருந்தாலும் அன்று அவன் முதல் ஐவரில் ஒருவன். ஒரு நிமிஷம் ஓடிவிட்டு வந்து உட்கார்ந்தால் போதும், அவன் அம்மா ஆயுசுக்கும் அதைப் பேசிக்கொண்டிருப்பாள்.

முதல் ஐவரில் நாலு பேருக்கும் லைலுக்கும் அது கடைசி வருஷம். ஐந்தாமவன் கிரெக், நம் பர்ல் டீட்டரின் மகன், ஒரு வருஷம் சின்னவன். அவன் ஒதுங்க வேண்டும், லைல் இறங்க வேண்டும். கணக்கு சுலபம்.

நோரீன் ஜோலீன் கடையில் முடி சுருட்டிக்கொண்டு, ஊதா கோட்டு போட்டுக்கொண்டு வந்தாள். பூவை வாங்கினாள். பிறகு மற்ற நாலு அம்மாக்களோடு போய் ஐந்தாவது நாற்காலியில் உட்கார்ந்தாள். அது பர்லின் பெண்டாட்டி டாட்டியின் நாற்காலி.

பர்ல் குனிந்து மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் பாப்கார்ன் மேஜை பக்கத்திலேயே இருக்கிறதே, நான் என்ன செய்ய.

"நோரீன், கொஞ்சம் எந்திரிம்மா. இது டாட்டி இடம்."

"இன்னிக்கு லைல்தானே முதல்ல இறங்குறான்?"

பர்ல் பெஞ்சைப் பார்த்தார். கோச் கையிலிருந்த காகிதத்தை இன்னும் கிட்டே வைத்துக்கொண்டு படித்தார்.

"இல்லம்மா. வழக்கம்போல அப்புறம்தான். கோச்சோட முடிவு, நான் தலையிடறதில்ல."

"இன்னிக்கு எல்லாப் பிள்ளைகளும் இறங்குற நாளு."

"எதிர்ல நார்த் வாட்லிம்மா. பெரிய ஆட்டம். நீ மேல உன் இடத்துல போய் உக்காரு, அங்கேருந்து நல்லாவே தெரியும்."

நோரீன் எழுந்தாள். எங்கள் ஜிம்மில் ஊர் ஜனத்தொகையைவிட அதிகம் பேர் உட்காரலாம், அன்று நிரம்பி வழிந்தது. கையில் பூவோடு, படிப்படியாக, கடிகாரம்வரை ஏறினாள். ஒருவரும் அவளைப் பார்க்கவில்லை. அவ்வளவு பேர் சேர்ந்து ஒருத்தியைப் பார்க்காமல் இருப்பதை அன்றுதான் பார்த்தேன்.

நடுவர் பந்தை மேலே எறிந்த நேரத்தில், எல்லோர் கண்ணும் பந்தோடு போனபோது, லைல் தன் மேல்சட்டையைக் கழற்றி ஒழுங்காக மடித்துப் பெஞ்சில் வைத்தான். படியேறிப் போய் அம்மா பக்கத்தில் உட்கார்ந்தான். கோச் கவனிக்கவில்லை. இரண்டாவது கால்பகுதியில் வாட்லியின் நெடியவன் ஸ்டோல்ட்ஸ் வாயால் மூச்சுவிட ஆரம்பித்ததும், திரும்பாமலே கையை நீட்டி, "லைல், போ" என்றார். மடித்து வைத்த சட்டை அங்கேயே கிடந்தது.

பர்லுக்குப் பயந்து கிரெக்கை வைத்துக்கொண்டார் என்று சிலர் சொன்னார்கள். நான் சொல்லவில்லை, சொன்னவர்களைச் சொல்கிறேன். எனக்குத் தோன்றுவது வேறு. ஸ்டோல்ட்ஸ் களைத்த பிறகு லைல் புத்தம்புதிதாக வேண்டும் என்று கோச் நினைத்தார். அதை அவனிடம் முன்கூட்டிச் சொல்ல வேண்டும் என்பதைத்தான் நினைக்கவில்லை. ஓரத்தில் பாதிக் காதோடு நின்றவருக்கே அது தோன்றவில்லை என்றால் வேறு யாருக்குத் தோன்றும்?

அன்றைக்கென்று பார்த்துத் தூரப் பந்தெல்லாம் உள்ளே விழுந்து தொலைத்தது. ஜெயித்துவிட்டோம். மறுநாள் முடிவெட்டும் கடையில் ஒரே தீர்ப்பு.

"அந்தக் குண்டன் இல்லாமலே ஜெயிச்சாச்சு. போனாப் போறான்."

அடுத்த இரண்டு ஆட்டங்களும் வெளியூரில். அங்கே தூரப் பந்து விழவில்லை. பையன்கள் கூடையைச் சுற்றிச் சுற்றி, சூடான அடுப்பைச் சுற்றும் பூனை மாதிரி ஆடினார்கள். இரண்டிலும் செம அடி. வட்டாரப் போட்டியில் யாரோடு யார் என்று சீட்டுக் குலுக்கி எடுத்தார்கள். முதல் ஆட்டமே நார்த் வாட்லியோடு, அவர்கள் ஜிம்மில்.

அதே முடிவெட்டும் கடையில், அதே வாய்கள்: "உள்ள போட ஆளில்லாம எப்படிப்பா ஜெயிக்கிறது? இந்த ஹார்லனுக்கு இதுகூடவா தெரியல?"

கோச் கரும்பலகையில் கணக்குப் போட்டார். பர்ல் மகன் கிரெக் வீட்டில் வந்து சொன்னதை டாட்டி எனக்குச் சொன்னாள்.

"லைல் என்னடா போட்டான்? நாலு கூடை. உங்கள்ல நாலு பேரு ஆளுக்கு ஒண்ணு உள்ள போய்ப் போடுங்க. தீர்ந்துச்சு."

"உள்ள போனா இடிக்கிறாங்க, கோச்."

"இடிப்பாங்கடா! முத்தமா குடுப்பாங்க?"

பயிற்சியில் ஆளுக்கு ஒன்று யாரும் போடவில்லை. ஒவ்வொருவனும் மற்றவர்கள் போடட்டும் என்று விட்டுவிட்டான்.

பிறகு பயிற்சி ஆட்டத்துக்குப் புட்ச் என்று ஒருவனைப் பிடித்து வந்தார். பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுகிற எங்கள் ஃபுட்பால் அணியில் எதிராளியை மோதிச் சாய்ப்பது அவன் வேலை. கூடைப்பந்திலும் அதையே செய்தான். ஐந்து ஃபவுல் ஆனால் ஆட்டத்தைவிட்டு வெளியே. புட்ச் அதை நான் ஒரு சட்டி பாப்கார்ன் பொரிக்கிற நேரத்துக்குள் முடித்துவிட்டான். வெளியே வரும்போது ஜெயித்தவன் மாதிரி கையசைத்துக்கொண்டு வந்தான்.

கடைசியில் பெஞ்சில் மிஞ்சியது கர்ட்டிஸ். ஒட்டடைக் கம்பை நிமிர்த்தி வைத்து அதற்குச் சட்டை மாட்டினால் எப்படி இருக்கும், அப்படி. விடிகாலையில் பள்ளிக்கு முன்னால் கோச் அவனைத் தன் வீட்டுக்கு வரவழைத்து, கார் நிறுத்தும் இடத்துக் கூடையில் பழக்கினார். தரையெல்லாம் பனி. ஸ்டோல்ட்ஸின் கைக்குப் பதிலாகக் கோச் ஒரு விளக்குமாற்றை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நிற்பார். நான் காப்பி போட எழுந்தால் தினமும் இந்தக் கூத்துதான்.

"மோதுடா என்னை. தோளால இடிச்சுட்டுப் போ."

"உங்களுக்கு முட்டி வலின்னாங்களே, கோச்."

"என் முட்டியை நான் பாத்துக்கறேன். இடி!"

கர்ட்டிஸ் ஒரு கதவைத் தட்டுவது மாதிரி தோளால் தொட்டான். "மன்னிச்சிருங்க, கோச்."

"மன்னிப்புக் கேக்காதடா! இடிச்சுட்டு மன்னிப்புக் கேட்டுட்டு நின்னா பந்தை யாரு போடறது?"

"சரி கோச். மன்னிச்சிருங்க."

கோச் விளக்குமாற்றைத் தரையில் ஊன்றி, அதன் மேல் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றார். பையன் பந்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, அவரைத் தொடலாமா கூடாதா என்று பார்த்துக்கொண்டிருந்தான். நான் ஜன்னல் திரையை இழுத்துவிட்டேன். என் வாழ்க்கையில் அதிகம் செய்யாத காரியம்.

அன்றே அவர் மனைவி அர்லீன் சர்க்கரை கேட்டு வந்தாள். அவள் வீட்டில் சர்க்கரை இருந்தது எனக்குத் தெரியும்.

"சாப்பாட்டு மேஜையில உப்பு ஜாடி, மிளகு ஜாடி, கடுகு பாட்டில் எல்லாத்தையும் ஆளா நிறுத்தி வச்சு நகத்திட்டே இருக்காரு, வெர்னா. லைல் இருந்த இடத்துக்கு எதை வச்சாலும் சரிப்படல. வெண்ணெய்க் கிண்ணத்தை வச்சாரு. பாத்துட்டே இருந்தாரு. எடுத்துட்டாரு. என் காப்பிக் கோப்பையை வச்சாரு. அதையும் எடுத்துட்டாரு. நான் இன்னும் குடிக்கவே இல்ல."

"நேரா போய் அந்தப் பையனைக் கேட்டா என்ன?"

"கேக்கறதா? வண்டியை எடுத்துட்டு அவங்க வீட்டு வாசல்வரைக்கும் போறாரு. திரும்பி வந்துடறாரு. பெட்ரோல்தான் தீருது." பிறகு குரல் இறங்கியது. "இது இல்லேன்னா அவருக்கு வேற ஒண்ணும் கிடையாது. என்னையும் சேத்துத்தான் சொல்றேன்."

அவளுக்கு ஒரு கோப்பை சர்க்கரை போட்டுக் கொடுத்தேன். வேறென்ன கொடுக்க.

மறுநாள் கோழியும் நூடுல்ஸும் சமைத்து நோரீன் வீட்டுக்குக் கொண்டுபோனேன். அங்கே யாருக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை. ஆனால் மூடி போட்ட சூடான பாத்திரத்தோடு போனால் எங்கள் ஊரில் எந்தக் கதவும் திறக்கும். நான் உட்கார்ந்து கொஞ்ச நேரத்திலேயே வாசலில் கோச்சின் வண்டி நின்றது. இந்தத் தடவை திரும்பிப் போகவில்லை.

நான் எழுந்திருப்பது மாதிரி ஒரு பாவனை செய்தேன்.

"நீ இரு வெர்னா," என்றாள் நோரீன். "அப்புறம் உனக்குத் தனியா ஒரு தடவை சொல்ற வேலை மிச்சம்."

கோச் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துத் திருகிக்கொண்டு நின்றார். உட்காரச் சொல்லவில்லை அவள்.

"அன்னிக்கு நான் முன்னாடியே சொல்லியிருக்கணும், நோரீன்."

"என்னத்த சொல்லியிருக்கணும்?"

"அவனை அப்புறம்தான் இறக்குவேன்னு. குறைச்சலா நெனச்சுச் செய்யல. எப்ப இறக்கினா அவனுக்கு ஆட்டம் ஓடும்னு எனக்குத் தெரியும். அவன் வேணுங்கறதாலதான்..."

"வேணும்னா முதல்லயே இறக்குறது." அவள் கைகள் இரண்டும் மடியில் இருந்தன. ஆலைத் தண்ணீரில் ஊறி ஊறி வெளுத்த கைகள். "அன்னிக்கு வான்கோழி நாத்தம் போகணும்னு எலுமிச்சம்பழம் தேச்சுக் குளிச்சுட்டு வந்தேன், கோச். பக்கத்துல உக்காரப் போறவங்க மூஞ்சியைச் சுளிக்கக் கூடாதேன்னு. எந்திரின்னுட்டாங்க."

கோச் தொப்பியை முழுச் சுற்று திருகினார். "அவனை அனுப்பு, நோரீன். நான் என்ன செய்யணும், சொல்லு."

"வாட்லில அவன் முதல் அஞ்சு பேர்ல இறங்கணும். அந்த நாற்காலில நான் உக்காரணும்."

சமையலறைக் கதவில் சாய்ந்து, கையில் ஒரு டம்ளர் பாலோடு லைல் நின்றிருந்தான். எப்போது வந்தான் என்று தெரியாது. அவ்வளவு பெரிய உடம்பு சத்தமில்லாமல் நடக்கும்.

"அம்மா, எனக்கு அது வேணாம். அந்த ஸ்டோல்ட்ஸ் களைச்சுப்போய் வாயால மூச்சு விடணும். அப்பதான் எனக்கு ஓடும். முதல்லயே இறங்கினா நான்தான் வாயால மூச்சு விடுவேன். ரெண்டு வாரமா பந்தையே தொடல வேற."

"நீ சும்மா இருடா. இது உன்னைப் பத்தின பேச்சு இல்ல."

லைல் கோச்சைப் பார்த்தான். நீங்களாவது சொல்லுங்கள் என்று அந்தப் பார்வை கேட்டது. கோச் அவனைப் பார்த்தார். பிறகு நோரீனின் கையைப் பார்த்தார். மறுத்தால் லைல் இல்லை. ஒப்புக்கொண்டால் லைல் இருப்பது மாதிரியாவது இருக்கும்.

"சரி," என்றார்.

லைல் பாலைக் குடித்து முடித்து, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு உள்ளே போனான்.

வாட்லி ஜிம்மில் நாற்காலி வழக்கமெல்லாம் கிடையாது. பர்லுக்கு அது பொருட்டா? ஐந்து மடக்கு நாற்காலிகளையும் தன் லாரியில் கயிறு கட்டிக் கொண்டுவந்துவிட்டார். வாட்லிக்காரர்கள் நாங்கள் ஏதோ சவ ஊர்வலத்துக்கு வந்தவர்கள் மாதிரி பார்த்தார்கள். லைல் இல்லாமல் ஆகாது என்று அவருக்கும் தெரிந்துபோயிருந்தது: ஐந்தாவது நாற்காலியில் டாட்டி பெயரைக் கிழித்துவிட்டு நோரீன் பெயரை ஒட்டியிருந்தார். டாட்டி மேல் வரிசையில் பல்வலிக்காரி முகத்தோடு உட்கார்ந்திருந்தாள். ஊதா கோட்டில், முதுகு சாயாமல், சர்ச்சில் உட்காருவது மாதிரி நோரீன் உட்கார்ந்தாள். ஜெயித்தால் பஸ்ஸை ஊருக்குள் அழைத்துப் போக எங்கள் தீயணைப்பு வண்டி நெடுஞ்சாலைச் சந்திப்பில் துடைத்துப் பளபளவென்று காத்திருந்தது. அதுவும் வழக்கம்தான். இருபத்திரண்டு வருஷமாக ஒவ்வொரு மார்ச்சிலும் காத்திருந்துவிட்டுத் திரும்பிப் போகும் வண்டி.

ஒலிபெருக்கியில் லைலின் பெயரைச் சொன்னார்கள். ஓடி வந்தான். நோரீன் கைதட்டினாள். எங்கள் பக்கம் மொத்தமும் எழுந்து நின்று தட்டியது. ஒருவரும் பாப்கார்ன் வாங்கப் போகவில்லை. லைல் கிரெப்ஸை ஊர் முகத்தால் பார்த்தது அதுதான் முதல் தடவை.

ஸ்டோல்ட்ஸ் அன்று கயிறு அவிழ்த்த கன்றுக்குட்டி மாதிரி இருந்தான். துள்ளினான். லைல் பின்புறத்தால் தள்ளினான், அவன் நகரவில்லை. சட்டென்று விலகினான், லைல் தடுமாறி அவன் மேலேயே விழுந்தான். ஃபவுல். அடுத்த தடவை ஸ்டோல்ட்ஸ் அவனைச் சுற்றிக்கொண்டு ஓட, லைல் கையை நீட்டினான். ஃபவுல்.

கூடைப்பந்தில் எனக்குத் தெரிந்தது பாப்கார்ன் மட்டும்தான். ஆனால் ஆரம்பத்திலேயே இரண்டு ஃபவுல் வாங்கியவனை உடனே வெளியே எடுக்க வேண்டும் என்று எனக்கே தெரியும். கோச் எழுந்தார். கூப்பிடக் கையைத் தூக்கினார். அப்போது அவர் கண் ஐந்தாவது நாற்காலிக்குப் போனது. நோரீன் இப்போதுதானே உட்கார்ந்திருக்கிறாள்? இன்னும் கோட்டுப் பொத்தானைக்கூடக் கழற்றவில்லை.

தூக்கிய கையால் கோச் கழுத்தைச் சொறிந்துகொண்டார். உட்கார்ந்துவிட்டார்.

மூன்றாவது ஃபவுல் உடனே வந்தது. அதற்குப் பிறகுதான் எடுத்தார். பாதி ஆட்டம் முடிந்து மறுபடி இறக்கினார். அதற்குள் லைலின் கால்கள் தரையோடு ஒட்டிக்கொண்டிருந்தன. நான்காவது. ஐந்தாவது. நடுவர் வெளியே என்று கைகாட்டியபோது லைல் வாயால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தான். மொத்த ஆட்டத்தில் அவன் ஒரு கூடைகூட வைக்கவில்லை.

அப்படியும் நாங்கள் செத்துவிடவில்லை, அதுதான் கொடுமை. பையன்கள் தூரத்திலிருந்து போட்டுப் போட்டு எட்டிப்பிடித்தார்கள். கடைசிக் கால்பகுதியில் ஸ்டோல்ட்ஸ் இரண்டு கைகளையும் முட்டியில் ஊன்றிக் குனிந்தான். வாய் திறந்திருந்தது. ஒரு குழந்தைகூட அவனைத் தள்ளிவிட்டுப் போகலாம். பெஞ்சில் தோளில் துண்டோடு லைல் அதைப் பார்த்தான். கோச்சும் பார்த்தார். ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

ஒரே ஒரு கூடை பின்தங்கியிருந்தோம். கடிகாரம் தீரப் போகிறது. பந்து கர்ட்டிஸ் கையில், கூடைக்கு நேர் அடியில். ஸ்டோல்ட்ஸால் கையைக்கூடத் தூக்க முடியவில்லை.

"வைடா! வச்சுரு!" லைல்தான் கத்தினான். அவன் கத்தி நான் கேட்டதே இல்லை.

கர்ட்டிஸ் ஸ்டோல்ட்ஸைப் பார்த்தான். மன்னிப்புக் கேட்கப் போகிறவன் மாதிரி. பிறகு பந்தை வெளியே கிரெக்கிடம் எறிந்தான். கிரெக் தூரத்திலிருந்து போட்டான். பந்து வளையத்தில் ஒரு சுற்றுச் சுற்றி, யோசித்து, வெளியே விழுந்தது.

வாட்லிக்காரர்கள் தளத்துக்குள் ஓடி வந்தார்கள். எங்கள் ஆட்கள் கிளம்புவதற்குக் கோட்டு தேடினார்கள். கோச் எழுந்திருக்கவில்லை. அர்லீன் இறங்கி வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையை எடுத்தாள். அவர் அதைத் திரும்பத் தன் முட்டியிலேயே வைத்துக்கொண்டார்.

பர்ல் நாற்காலிகளை மடிக்க வந்தார். நாலை மடித்தார். ஐந்தாவதில் நோரீன் இன்னும் உட்கார்ந்திருந்தாள். அன்று எழுந்திரு என்று சொன்ன வாய்க்கு இன்று அந்தச் சொல் வரவில்லை. "நீ இரு, நோரீன். அவசரமில்ல," என்று முணுமுணுத்துவிட்டு நாலோடு போய்விட்டார். கடைசியில் அவளே அதை மடித்துத் தூக்கிக்கொண்டு நடந்தாள். லைல் வாங்கிக்கொள்ளக் கை நீட்டினான். அவள் கொடுக்கவில்லை.

அந்த நாற்காலி இப்போது அவள் வீட்டு முன்பக்கம் சாத்தி வைத்திருக்கிறது. பர்ல் கேட்கவில்லை, அவள் கொடுக்கவில்லை. விரித்துப் போட்டு அதில் யாரும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. லைல் பள்ளியை முடிக்கும் முன்னரே ஆலையில் மாலை நேர வேலைக்குச் சேர்ந்துவிட்டான். அம்மா வெளியே வரும்போது மகன் உள்ளே போகிறான். வாசலில் எதிரெதிராக வரும்போது பேசிக்கொள்வதில்லை என்று அங்கே வேலை செய்கிற ஜோலீன் தங்கை சொல்கிறாள். சண்டையெல்லாம் இல்லையாம். பேச ஒன்றும் இல்லையாம்.

அடுத்த குழுக் கூட்டத்தில் கோச் விசிலைக் கொடுத்துவிட்டார். மரியாதையாக, தானாகவே. அதை வாங்கிக்கொண்டது பர்லின் அக்கா மகன். மேஜை மேல் உப்பு ஜாடி இப்போது உப்பு ஜாடியாகவே இருக்கிறதாம். அர்லீன் அதைச் சந்தோஷமான செய்தி மாதிரிதான் சொல்ல ஆரம்பித்தாள், முடிக்கவில்லை.

என் தங்கை மகள் டினா இந்த வசந்தத்தில் அவரிடம்தான் கார் ஓட்டப் பழகுகிறாள்.

"பெரியம்மா, அந்த வண்டில கோச் பக்கமும் ஒரு பிரேக் இருக்கு, தெரியுமா?"

"தெரியும்டி."

"நான் நல்லாத்தான் ஓட்டறேன். கிரெப்ஸ் வீடு வந்தா மட்டும் மிதிச்சுடறார். வண்டி குலுங்கி நிக்குது. முன்னாடி ஒண்ணும் இல்ல, ஒரு நாய்கூட இல்ல. என்ன கோச்னு கேட்டா, ஒண்ணுமில்ல, நீ போங்கறார். தினமும் இதே. இப்படி மிதிச்சுட்டே இருந்தா நான் எப்பக் கத்துக்கறது?"

வேறு தெரு வழியாகப் போகலாமே என்று அவரிடம் கேட்டுப் பாரேன் என்றேன். சொன்ன பிறகுதான் ஞாபகம் வந்தது. எங்கள் ஊரில் பள்ளிக்கூடத்துக்குப் போக அந்த ஒரு தெருதான்.